ஓய்வுநாள் பாத்தி

எங்கள் திருச்சபையின் ஆண்டு மலர் போன மாதம் வெளிவந்தது. பளபளக்கும் தாள், நூற்றிருபது பக்கம். கூரைக்குத் தகரம் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. ஒலிபெருக்கி கொடுத்தவரின் பெயர் படத்தோடு இருக்கிறது. தலைவர் அருமைநாயகம் அண்ணருக்கு மட்டும் நான்கு பக்கம். பிரியாந்தினிக்கு ஒரே ஒரு வரி: "ஓய்வுநாள் பாடசாலைத் தோட்டம் – திருமதி பி. மயூரதன்." புருஷனின் பெயர் முழுதாக இருக்க, அவருடைய பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. வந்த ஆத்திரத்தில் மலரை நாலாக மடித்து ஆடிக்கொண்டிருந்த என் மேசையின் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை இப்போது ஆடுவதில்லை. அந்த மலரால் நடந்த ஒரே நன்மை அதுதான்.

ஆகவே பிரியாந்தினியைப் பற்றி நானே எழுதுகிறேன். என் பெயர் வினோதன். எங்கள் குடும்பம் அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டது. கந்தோரில் இருபத்தேழு வருட உத்தியோகம், சபையில் ஒன்பது வருடம் செயலாளர். இதை எழுதும்போது எனக்கு அருமைநாயகம் அண்ணர் மேல் கோபம், செயற்குழு மேல் கோபம், எல்லோரையும் விட என் மேல் கோபம். அதன் காரணத்தை மறைக்காமல் எழுதுவேன்.

பிரியாந்தினி கோபக்காரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சபையில் இருநூறு பேர் இருக்கிறோம், கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் நாங்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்சாதியிடம் முணுமுணுக்கிற ஆட்கள்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவருக்கு எட்டு வயது. தாயும் அவரும் கண்டிக்கு வந்து கட்டுக்கலையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார்கள். தாய் கிணற்றடியில் நாலு மிளகாய்க் கன்று நட்டாராம். வீட்டுக்காரர் எங்கள் ஆள்தான், தமிழர்தான், கோயிலில் முன்வரிசையில் இருக்கிறவர். அவர் கன்றுகளைப் பிடுங்கி மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டு, "மரக்கறி நட்டால் பிறகு வீட்டை விட்டு எழும்ப மாட்டியள்" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு பதினொரு வாடகை வீடு மாறினார்கள். ஒன்றில்கூட மண்ணைத் தொடக் கூடாது. சீமெந்து முற்றமும் பூச்சட்டியும் தவிர வேறொன்றும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. படித்து, விஞ்ஞான ஆசிரியையாகி, மயூரதனைக் கலியாணம் செய்து இங்கேயே இருந்துவிட்டார். இதையெல்லாம் ஒருநாள் சொல்லிவிட்டு, "அண்டைக்கு வந்த கோவம் இன்னும் போகேல்லை அண்ணை. போகவும் வேண்டாம்" என்றார்.

சபைப் பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்கும் ஓய்வுநாள் பாடசாலைப் பொறுப்பு அவரிடம் வந்தது போன வருடத் தொடக்கத்தில். பதினான்கு பிள்ளைகள். பாதிப் பேர் நகரத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகள். அதுவரைக்கும் பாடம் என்றால் படத்துக்கு நிறம் தீட்டுவது. ஏதேன் தோட்டத்துக்குப் பச்சை, பாம்புக்கு மஞ்சள், முடிந்தது, பிஸ்கட் கொடுத்து அனுப்பு. பிரியாந்தினி வந்த இரண்டாம் கிழமையே நிறப்பென்சில் பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எங்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு வந்து நின்றார்.

"மனுசனுக்குக் கடவுள் குடுத்த முதல் வேலை தோட்ட வேலை. பிரசங்கம் இல்லை, கூட்டம் இல்லை. அதைப் பென்சிலால படிப்பிக்கேலாது. எனக்கு மண் வேணும்" என்றார்.

கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சரிவு இருந்தது. மண்டபம் திருத்தியபோது மிஞ்சிய ஓடும் கல்லும் கொட்டிய இடம். கலியாண விருந்துகளின் சோற்றுப் பார்சல் பேப்பரும் வெறும் போத்தல்களும் அங்கேதான் போய் விழும். அதைக் கொடுத்தோம். எங்களுக்கு உதவாததைக் கொடுத்துவிட்டுப் பெருந்தன்மை என்று கூட்டக் குறிப்பில் எழுதினோம். எழுதியவன் நான்.

அந்தச் சரிவைச் சுத்தம் செய்யப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் எடுத்தது. மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. ஆகவே ஆளுக்கொரு பழைய கரண்டி வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். சனிக்கிழமை காலையில் பதினான்கு கரண்டிகள் மண்ணைக் கிண்டும் சத்தம் மண்டபத்துக்குள் கேட்கும். அலவத்துகொடையிலிருந்து வந்து சந்தையில் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீது நானா, ஆட்டெரு மூட்டைகளைத் தன் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் சபையாரிடம் லொறி இல்லாமல் இல்லை. ஒருவரும் கொண்டுவரவில்லை.

ஏழு பாத்தி போட்டார்கள். ஆறு பாத்திகளில் போஞ்சி, கத்தரி, தக்காளி, வெண்டி, பூசணி, பாகல். ஏழாவதில் ஒன்றும் நடவில்லை. "நிலத்துக்கும் ஓய்வு வேணும் எண்டு கட்டளை இருக்கு. ஏழாவது இதுதான், இது ஓய்வுநாள் பாத்தி. இதில நாங்கள் ஒண்டும் நடவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. என்ன வருதெண்டு பாப்பம்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்.

அந்தப் பாத்தி நிருஷாவின் பொறுப்பு. ஹந்தானையிலிருந்து வருகிற எட்டு வயதுப் பிள்ளை. பாத்தி பிரித்த அன்றைக்கு பஸ் பிந்தி, இவள் வந்து சேரும்போது ஆறு பாத்திகளும் முடிந்துவிட்டன. அழுதுகொண்டு நின்றவளைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் லேசான வேலை குடுத்திட்டன். உனக்குத்தான் கஷ்டமான வேலை வைச்சிருக்கிறன். ஒண்டும் செய்யாமல் இருக்க வேணும். ஏலுமோ?" என்று கேட்டாராம். நிருஷா கண்ணைத் துடைத்துவிட்டு, "ஏலும் டீச்சர்" என்றாளாம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பெயர் தெரியாமல் ஒரு செடியையும் பிடுங்கக் கூடாது. ஆதாம் எல்லா உயிருக்கும் பெயர் வைத்தான், அந்த வேலை இன்னும் முடியவில்லை, ஆகவே பெயரைக் கேட்டுக்கொண்டு வா, பிறகு பிடுங்கு. பிள்ளைகள் ஓர் இலையைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய் லயத்தில் கேட்பார்கள், சாஹுல் ஹமீது நானாவிடம் கேட்பார்கள், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் கேட்பார்கள். குப்பைமேனி, கீழ்க்காய்நெல்லி, மூக்குத்திப்பூண்டு, பொன்னாங்கண்ணி என்று நிருஷாவின் கொப்பி நிறைந்தது. பெயர் தெரிந்த பிறகு பாதியைப் பிடுங்க மனம் வரவில்லை. பாதி தின்னக்கூடியது, மீதி மருந்து. ஆகவே தோட்டத்தில் காயும் புல்லும் கலந்து நின்றன. மண்டபப் படியில் நின்று பார்க்கிறவனுக்குக் காடு மாதிரித்தான் தெரியும்.

நான் எப்போதும் படியில் நின்றுதான் பார்த்தேன்.

இனி அறுப்புப் பண்டிகைக்கு வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை விளைச்சலைக் கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைத்து நன்றி சொல்லும் நாள். கண்டி நகரத்தில் எங்களில் எவன் என்ன விளைவித்தான்? சனிக்கிழமை சந்தைக்குப் போய், அதிலும் பெரிய பூசணியாகப் பார்த்து, நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் வாங்கி, ஞாயிறு காலையில் எங்கள் கையால் விளைந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு தூக்கிப்போவோம். ஆராதனை முடிய ஏலம் போட்டு, ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோவோம். முப்பது வருடமாக இப்படித்தான். ஒருவருக்கும் வெட்கம் வந்ததில்லை.

போன வருடம் செப்டம்பரில் முதல்தடவையாக உண்மையான விளைச்சல் ஒன்று பீடத்துக்கு வரவிருந்தது. கத்தரி காய்த்திருந்தது. போஞ்சி தொங்கியது. பூசணி மூன்று. நிருஷாவின் ஓய்வுநாள் பாத்தியில் ஒருவரும் நடாமலே வல்லாரை வந்து பரந்திருந்தது, வேரைப் பிடுங்காமல் இலையை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஆய்ந்து வைப்பதென்று அவள் முடிவு செய்திருந்தாள். பிள்ளைகள் நான்கு மாதமாகக் காத்திருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு.

செயற்குழுவும் உசாராகியது. அந்த வருடத்துக் கருப்பொருள் "படைப்பைப் பேணுவோம்." கொழும்பிலிருந்து பெரிய பிரசங்கியார் வருகிறார். பதினைந்து அடி நீளத்துக்குப் பிளாஸ்ரிக் பதாகை அடித்தோம். படைப்பைப் பேணப் பிளாஸ்ரிக்! அதைப் பின்மதிலில் கட்டி, அதற்கு முன்னால் விருந்தினரை நிறுத்திப் படம் எடுப்பதென்று அருமைநாயகம் அண்ணர் தீர்மானித்தார். மதிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவில்தான் தோட்டம்.

"உந்தப் புல்லுப் பத்தையை ஒருக்கால் துப்புரவாக்கும் வினோதன். வாறவை பாத்தால் என்ன நினைப்பினம்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை தேவசகாயத்தைக் கூப்பிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற ஆள். நிருஷாவின் தகப்பன். முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு வந்தார், கையுறை இல்லை, காலில் செருப்பு மட்டும். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்து, அதை வெறுங்கையால் கலக்கிற ஆளிடம் கொடுத்திருக்கிறோம், அதைக் கேட்கவும் ஒரு நாதியில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. மழை வருமா வராதா என்பதுதான் என் கவலை.

தேவசகாயம் சரிவைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"ஐயா, இதுல புள்ளைங்க என்னமோ நட்டிருக்காங்களே. எங்க நிருஷாவும் வருதுங்க."

நான் மண்டபப் படியில் நின்றேன். முந்தின நாள் மழைக்குக் கீழே சேறு. புதுச் சப்பாத்து. இறங்கவில்லை. அங்கிருந்தே கையை நீட்டி, "காய் நிக்கிற இடத்தை விடு. மற்றதெல்லாம் அடி. அந்த மூலையில சும்மா புல்லாக் கிடக்கே, அதில இருந்து தொடங்கு" என்றேன்.

அந்த மூலைதான் ஓய்வுநாள் பாத்தி.

அவர் இன்னொருமுறை என்னைப் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக, மேலே நின்று கையை நீட்டுகிறவனுக்குச் சரி சொல்லியே பழக்கிவிட்ட சனம். "சரிங்க ஐயா" என்றார். அடித்தார். நான் உள்ளே போய் அழைப்பிதழுக்கு முகவரி எழுதினேன்.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் கூடைகளோடு அறுவடைக்கு வந்தார்கள். செவ்வாய்க்குப் பிறகு மழையே இல்லை. சரிவு முழுக்க மஞ்சள். காற்று வாக்கில் கத்தரிக்கும் போஞ்சிக்கும் மருந்து போயிருந்தது, இலைகள் சுருண்டு தொங்கின. பூசணிக்கொடி வெந்தது போலக் கிடந்தது. காய்த்ததையும் இனி வாயில் வைக்கக் கூடாது. ஓய்வுநாள் பாத்தியில் பச்சை என்று ஒரு புள்ளி இல்லை.

பிரியாந்தினி சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பாத்திக்குப் பாத்தி நடந்து போய்ப் பார்த்தார். பிள்ளைகளை ஒன்றையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவச் சொல்லிவிட்டு, படியேறி எங்களிடம் வந்தார். மண்டபத்தில் அருமைநாயகம் அண்ணர், போதகர், நான். சாடைமாடையாகப் பேசத் தெரியாத பெண். நேரே கேட்டார்.

"ஆர் அடிக்கச் சொன்னது?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஒரு சொல்தான்: நான்தான். என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடைவெளியில் அருமைநாயகம் அண்ணர் புகுந்துவிட்டார்.

"அந்த மருந்தடிக்கிறவன் தேவசகாயம்தான். சொன்னது விளங்காமல் இடம் மாறி அடிச்சுப்போட்டான். என்ன செய்யிறது பிள்ளை, படிப்பறிவில்லாத சனம். இப்ப அதை விடும். வினோதன் சந்தைக்குப் போய் நல்ல மரக்கறியாய் வாங்கி வருவார். பிள்ளையள் அதைக் கூடையில வைச்சுக் கொண்டு வரட்டும். ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். பிள்ளையளுக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?" பிரியாந்தினியின் குரல் மண்டபத்தை நிறைத்தது. "உங்களுக்கு விசரே? நாலு மாசமா இந்தப் பிள்ளையளுக்கு நான் என்னத்தைப் படிப்பிச்சனான்? கடைசியில பொய்யைக் கூடையில வைச்சுப் பீடத்துக்கு அனுப்பவோ?"

போதகர் நல்ல மனுஷர், இளம் பிள்ளை. சமாதானமாகப் போவோம் அக்கா என்றார். எங்கள் சபையில் சமாதானம் என்றால் பெரியவர் சொன்னதைச் செய்வது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். நிருஷா நின்றுகொண்டிருந்தாள். கையில் வெறும் கிண்ணம். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னது முழுவதையும் கேட்டிருக்கிறாள். அழவில்லை. கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

சந்தைக்குப் போனேன். சொன்னதைச் செய்கிற ஆள் அல்லவா! சாஹுல் ஹமீது நானா கத்தரியை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன சேர், புள்ளையள்ட தோட்டத்துல நல்லா காச்சி ஈக்குதுன்னு சொன்னாங்களே. பொறகு என்னத்துக்கு இது?"

"போதாது நானா" என்றேன். அது அன்றைய இரண்டாவது பொய். முதலாவது பேசாமல் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பீடத்தடியில் வாழைக்குலை, செவ்விளநீர், கரட், கோவா, எல்லாம் சந்தைச் சாமான். கொழும்புப் பிரசங்கியார் முன்னால் இருந்தார். பிள்ளைகளுக்கான கூடைகளைப் பின்வாசலில் நானே அடுக்கி வைத்திருந்தேன். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அறிவித்தல் வாசிப்பதும் என் வேலை. வெள்ளிக்கிழமையே எழுதிய தாள், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"நமது ஓய்வுநாள் பாடசாலைச் சிறுவர்கள், தங்கள் கையால் பாடுபட்டு விளைவித்த காணிக்கையை, சபையாகிய எங்கள் அனைவரின் பராமரிப்பின் பலனை, இப்போது ஆண்டவரின் சமுகத்தில் கொண்டுவருகிறார்கள்."

தாளைப் பார்த்து வாசித்தேன். தலையை நிமிர்த்தியபோது பிள்ளைகள் நடுவழியில் வந்துகொண்டிருந்தார்கள். என் கூடைகள் ஒன்றும் அவர்கள் கையில் இல்லை. மஞ்சளாகிச் செத்த செடிகள், வேரும் மண்ணுமாக, பழைய பேப்பரில் சுற்றி, ஆளுக்கொன்று. பிரியாந்தினி பின்னால் வந்தார். அவர் சொல்லிக் கொடுத்ததா என்று பிறகு கேட்டேன். "சந்தைக் கூடையளையும், நான் பிடுங்கிச் சுத்தி வைச்ச செடியளையும் காட்டி, எது உங்கட விளைச்சல் எண்டு மட்டும்தான் கேட்டனான்" என்றார்.

 முதல் பிள்ளை செடியைப் பீடத்தடியில், ஒரு பெரிய கோவாவுக்குப் பக்கத்தில் வைத்து, "கத்தரி" என்றான். அடுத்தவள் "போஞ்சி" என்றாள். தக்காளி. பாகல். குப்பைமேனி. கீழ்க்காய்நெல்லி. ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக விழுந்தது. அருமைநாயகம் அண்ணர் முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினார். பதின்மூன்று பெயர் முடிந்தது.

"இன்னும் ஒரு ஆள் வரவேணும்" என்றார் பிரியாந்தினி. "நிருஷா."

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசை வாங்கின் ஓரத்தில் தேவசகாயம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். விரல் இடுக்குகளில் தோல் உரிந்த கைகள், செவ்வாய்க்கிழமை நான் பார்த்தும் கவனிக்காத கைகள். நிருஷா அவர் பக்கத்தில் பேப்பர்ச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தாள்.

"நான் வரல டீச்சர்" என்றாள். "எங்கப்பாதானே அழிச்சாரு."

 தேவசகாயம் அப்போதாவது, ஐயா சொன்னாருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒலிவாங்கி என் வாய்க்கு முன்னால் இருந்தது.

"தேவசகாயம் இடம் மாறி அடிக்கவில்லை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பிள்ளைகள் நட்டிருக்கிறார்கள் என்று அவர் எனக்குச் சொன்னார். நான்தான் அடி என்றேன். எங்கே தொடங்க வேண்டும் என்று கையைக் காட்டியவனும் நான்தான். நேற்று அவர் மேல் பழி போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனும் நான்தான்."

"வினோதன்!" என்றார் அருமைநாயகம் அண்ணர்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ அண்ணை" என்றேன். ஒன்பது வருடத்தில் அவருக்கு நான் எதிர்த்துச் சொன்ன முதல் வசனம். அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்க முன்பே செயலாளர் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நிருஷா எழுந்தாள். அப்பாவின் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு நடுவழியால் தனியாக நடந்து வந்தாள். பீடத்துக்குப் போவாள் என்று நினைத்தேன். என் முன்னால் வந்து நின்றாள். பேப்பரை விரித்தாள். உள்ளே ஒரு பிடி காய்ந்த கொடி, மஞ்சளும் கறுப்புமாகச் சுருண்ட இலைகள், நூல் போன்ற வேர்.

"இதுக்குப் பேரு சொல்லுங்க அங்கிள்."

பார்த்தேன். குனிந்து பார்த்தேன். கோயில் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. தெரியவில்லை.

"பேரு தெரியாம புடுங்கக் கூடாது" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அவளுடைய டீச்சரின் கோபம் அது, அப்படியே வந்திருந்தது. பிறகும் எனக்கு அவகாசம் கொடுத்து நின்றாள். கடைசியில் அவளே சொன்னாள்.

"வல்லாரை."

கொண்டுபோய்ப் பீடத்தடியில் வைத்தாள்.

முந்தின நாள் மத்தியானம், சந்தையிலிருந்து திரும்பி வந்து நான் சோறு தின்றது வல்லாரைச் சம்பலோடுதான்.